சொல்லே களம்

நுழையும்முன்

திரையில் ஓவியம் இல்லை, அசையும் உருவம் இல்லை, ஓசையும் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. அவ்வெழுத்தின் வழியே பலர் ஒரே உலகினுள் நுழைகின்றனர், வேடம் ஏற்கின்றனர், உரையாடுகின்றனர், நட்பும் பகையும் கொள்கின்றனர். இத்தகைய இணைய விளையாட்டை உருவாக்குவதற்கு மொழித்திறன் வேண்டும். நடத்துவதற்கு அறவுணர்வு வேண்டும். இவ்விரண்டையும் தமிழ் மாணவர் தம் மொழியிலேயே பயில வேண்டும் என்னும் கருத்தை முன்வைக்கிறது இவ்வுரைநடை.

உடுக்கை ஒலித்த இரவு

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அண்ணன்மார் கதை பாடப்பட்ட இரவுகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பாடகர் கையில் ஓர் உடுக்கை. அருகில் பின்பாட்டுப் பாடும் துணைவர். காட்சித் திரைகளோ ஒப்பனைகளோ பெரிதாக இல்லை. எனினும் பொன்னரும் சங்கரும் ஆண்ட வளநாடும், அவர்தம் தங்கை காத்திருந்த அரண்மனையும், கொம்பன் என்னும் பன்றி உழக்கிய வயலும் கேட்போர் கண்முன் எழுந்து நின்றன. அவற்றை எழுப்பியது சொல். கேட்டிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வயலையே வளநாட்டு வயலாகக் கண்டனர்.

பெருந்துறைக்குத் தெற்கே, காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையம் என்னும் ஊரில் தங்கி ஆய்வு செய்தவர் பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர். அவர் 1965ஆம் ஆண்டு இக்கதையை முழுமையாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஒரே கதை பல இரவுகளுக்கு நீண்டது. அத்தனை இரவுகளும் மக்களை அமர்ந்திருக்கச் செய்த ஆற்றல் சொல்லுக்கு இருந்தது.

இம்மரபில் கேட்போர் வெறும் கேட்போராகவே நின்றுவிடுவதில்லை. வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது நிகழும் படுகளத்தில், அடியவர் பலர் போரில் வீழ்ந்த வீரராகத் தாமே களத்தில் வீழ்கின்றனர்; பின்னர் எழுப்பப்படுகின்றனர். கதையைக் கேட்டவர் கதைக்குள் புகுந்துவிடுகிறார். ஒருவர் சொல்ல, பலர் வேடமேற்று, அனைவரும் சேர்ந்து ஓர் உலகை நிலைநிறுத்தும் இப்பழக்கம் நமக்குப் புதியதன்று. இதே பழக்கம் கணினி வலையமைப்பில் வேறொரு வடிவில் பிறந்தது. அதன் வரலாற்றை அறிதல் நன்று.

எசெக்சில் பிறந்த உலகம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராய் டிரப்ஷா என்னும் மாணவர் 1978ஆம் ஆண்டு ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். அதற்கு ‘மட்’ என்று பெயரிட்டார். உடன் பயின்ற ரிச்சர்ட் பார்டில் அதில் இணைந்து, பின்னர் அப்பணியை முழுமையாக ஏற்று விரிவாக்கினார். ஒருவர் மட்டும் கணினியோடு ஆடும் எழுத்து விளையாட்டுகள் அதற்கு முன்பே இருந்தன. ‘மட்’ விளையாட்டிலோ ஒரே நேரத்தில் பலர் ஒரே உலகினுள் நடமாடினர். ஓர் அறைக்குள் நுழைந்தால் அங்கே வேறொருவர் நிற்பதைத் திரை எழுத்தில் அறிவித்தது. அவர் கணினி உருவாக்கிய பாத்திரம் அல்லர். எங்கோ ஒரு விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்த மனிதர்.

1980ஆம் ஆண்டு முதல் வலையமைப்பின் வழியே வெளியூராரும் அவ்வுலகிற்குள் வரலாயினர். பகலில் பல்கலைக்கழகப் பணிகளுக்குக் கணினி தேவைப்பட்டமையால், வெளியார்க்கு நள்ளிரவுக்குப் பின்னரே இடம் கிடைத்தது. உடுக்கைப் பாட்டைப் போலவே இவ்விளையாட்டும் இரவுக்கு உரியதாயிற்று!

இவ்வுலகைப் படைத்தோர் உள்ளத்தில் பொழுதுபோக்கிற்கு அப்பாற்பட்ட ஒரு நோக்கமும் இருந்தது. பிறப்பாலும் செல்வத்தாலும் மனிதரை மதிப்பிடும் சமூகத்துக்கு மாற்றாக, ஒருவரை அவர்தம் செயலாலும் பண்பாலும் மட்டுமே மதிக்கும் உலகை அமைக்க விரும்பியதாகப் பார்டில் பின்னாளில் கூறியுள்ளார். எழுத்தில் தோன்றும் மனிதருக்கு நிறம் இல்லை. உடையின் விலை இல்லை. அவர் சொல்லும் செய்கையுமே அவர். நம் நாட்டில் இந்நோக்கத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

பின்வந்தோர் இம்முறையைப் பல திசைகளில் வளர்த்தனர். 1989இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் உருவாக்கிய விளையாட்டு, போரை விடுத்து உரையாடலையும் உலகைக் கட்டுதலையும் முதன்மையாக்கியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் சிலர் 1990ஐ ஒட்டி உருவாக்கிய ‘டிக்குமட்’, பிற்காலத்தில் படங்களுடன் வந்த பெரிய இணைய விளையாட்டுகளுக்கு முன்மாதிரியாயிற்று. இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் வண்ண விளையாட்டுகளின் வேரில் எழுத்தே இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

கணினியில் எழுத்துவழிச் சாகச விளையாட்டுகளுக்கு முன்னோடி, வில் குரோதர் என்னும் நிரலாளர் 1970களின் நடுவில் எழுதிய விளையாட்டாகும். அவர் குகைகளை ஆராய்வதில் ஈடுபாடு உடையவர். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் தாம் நடந்து அளந்த குகையையே சொற்களால் விவரித்துத் தம் பெண்மக்கள் ஆடுவதற்காக அவ்விளையாட்டை அமைத்தார். 1977இல் டான் வுட்ஸ் என்பவர் அதனை விரிவாக்கினார்.

சொல்லால் ஓர் ஏலக்கூடம்

இத்தகைய விளையாட்டு எவ்வாறு கட்டப்படுகிறது? அதன் அடிப்படை மிக எளியது. உலகம் பல ‘அறை’களாகப் பிரிக்கப்படும். இங்கு அறை என்பது நான்கு சுவர்களைக் குறிப்பதன்று. ஒரு தெரு, ஒரு வயல், ஒரு வாய்க்கால் கரை என எதுவும் அறையாகலாம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வருணனை, செல்லும் வழிகள், உள்ளே கிடக்கும் பொருள்கள், நிற்கும் மாந்தர் ஆகியவை இருக்கும். ஆடுவோர் கட்டளையைத் தட்டச்சு செய்வர். வழங்கியாக இயங்கும் கணினி அக்கட்டளையைப் புரிந்துகொண்டு உலகின் நிலையை மாற்றும். மாற்றத்தை அவ்வறையில் உள்ள அனைவருக்கும் எழுத்தால் அறிவிக்கும்.

பெருந்துறையில் நடைபெறும் மஞ்சள் ஏலத்தை ஓர் அறையாக அமைப்பதாகக் கொள்வோம்.

“நீங்கள் ஏலக்கூடத்தில் நிற்கிறீர்கள். வாய் பிரித்த சாக்குகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் விரலி மஞ்சள் தெரிகிறது. வடக்கே எடைமேடை. கிழக்கே சாலை. சாக்கின் அருகே ஒரு முதியவர் குந்தியிருக்கிறார். அவர் உங்கள் கையையே பார்க்கிறார்.”

இங்கே ஆடுபவர் என்ன செய்வார்? மஞ்சளை அறிந்தவர் ‘மஞ்சளை முறி’ என்று எழுதுவார். நன்கு வெந்து நன்கு உலர்ந்த விரலி, முறிக்கும்போது கணீரென ஒலிக்கும். ஈரம் மிகுந்தது வளைந்து கொடுக்கும். முறிந்த இடத்தின் நிறத்தைக் கொண்டு வணிகர் தரத்தை மதிப்பிடுவர். விளையாட்டை உருவாக்கியவர் இதை அறிந்திருந்தால் ‘முறி’ என்னும் கட்டளைக்கு ஒரு விடையை எழுதி வைத்திருப்பார். அறியாதவராயின், ‘அவ்வாறு செய்ய இயலாது’ என்று கணினி கூறிவிடும். அந்நொடியில் ஆடுபவரின் நம்பிக்கை முறியும்.

ஆதலின் உலகைக் கட்டுபவர்க்குரிய முதல் தகுதி, தாம் கட்டும் பொருளைத் தொட்டு அறிந்திருத்தலே என்பது என் கருத்து. குரோதர் தாம் நடந்த குகையை எழுதினார். அதனால் அது பிறர்க்கும் குகையாயிற்று. மஞ்சள் வயலில் பாத்தி கட்டி நீர் பாய்ச்சிய மாணவரும், சென்னிமலையில் தறியருகே வளர்ந்த மாணவரும், கீழ்பவானி வாய்க்காலில் நீர் வரும் நாளை எண்ணிக் காத்திருந்த மாணவரும் எழுதத்தக்க உலகங்களை, எங்கோ இருக்கும் ஒரு பெருநிறுவனத்தின் வடிவமைப்பாளரால் எழுத முடியாது. அயலாரின் அரக்கர்களையும் கோட்டைகளையும் படியெடுப்பதைவிட, அறிந்த ஓர் ஏலக்கூடத்தைக் கட்டுவது உயர்ந்த கலை.

பலர் கூடும் உலகில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டில் விளக்கை எடுத்தவர் அவரே, பிறர் இல்லை. பலர் ஆடும்போது ஒருவர் விளக்கை எடுத்துச் சென்றுவிட்டால், அடுத்து வருபவர் இருளில் நிற்பார். இருவர் ஒரே நொடியில் ‘விளக்கை எடு’ என்று எழுதினால், எவருடைய கட்டளை முதலில் வந்து சேர்ந்ததோ அவருக்கே விளக்கு கிடைக்கும். வேகமான இணைய இணைப்பு உடையவர் வெல்வார். சிற்றூரில் மெல்லிய இணைப்பில் ஆடுபவர் தோற்பார். நிரலின் ஒரு வரியில் இவ்வாறு ஓர் அநீதி ஒளிந்திருக்கலாம். முதலில் எழுதியவர்க்கே பொருள் என்பதற்கு மாற்றாக, சில நொடிகள் பொறுத்து, வந்த கட்டளைகளுள் ஒன்றைத் திருவுளச் சீட்டைப் போலத் தேர்ந்தெடுக்கவும் விதி அமைக்கலாம். எதைத் தேர்வது என்பது தொழில்நுட்ப வினாவைப் போலத் தோன்றினும், அது நீதி பற்றிய வினாவே.

கணினி கற்கும் வேற்றுமை

தமிழில் இவ்விளையாட்டை அமைக்க முனைவோர், வகுப்பறையில் கற்ற இலக்கணம் திடீரென உயிர்பெற்று எழுவதைக் காண்பர்.

ஆங்கில விளையாட்டுகளில் கட்டளை பெரும்பாலும் வினைச்சொல்லில் தொடங்கிப் பெயர்ச்சொல்லில் முடியும். பெயர்ச்சொல் அகராதியில் உள்ள வடிவிலேயே நிற்பதால், கணினி அதை அப்படியே பட்டியலில் தேடிக் கண்டுகொள்ளும். தமிழில் அவ்வாறன்று. மரத்தை வெட்ட விரும்புபவர் ‘மரத்தை வெட்டு’ என்று எழுதுவார். ஆனால், பொருள்களின் பட்டியலில் ‘மரம்’ என்னும் சொல்தான் உண்டு. ‘மரத்தை’ என்னும் சொல் இல்லை. அவ்வாறே வீடு ‘வீட்டை’ ஆகிறது. ஆறு ‘ஆற்றை’ ஆகிறது. கல் ‘கல்லை’ ஆகிறது. கிளி ‘கிளியை’ ஆகிறது. பசு ‘பசுவை’ ஆகிறது. ஐகார உருபை நீக்கிவிட்டால் போதும் என எண்ணி நிரல் எழுதினால், ‘மலை’ என்பதிலும் ஐகாரம் இருப்பதைக் கண்டு கணினி அதை ‘மல்’ எனச் சிதைத்துவிடும்!

இதற்கு விடை எங்கே இருக்கிறது? மகர ஈற்றுப் பெயர் அத்துச்சாரியை பெறுதல், நெடில்தொடர்க் குற்றியலுகரத்தில் டகர றகர ஒற்று இரட்டித்தல், தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வரின் இரட்டித்தல், யகர வகர உடம்படுமெய் தோன்றுதல் என நாம் பயிலும் புணர்ச்சி விதிகளில் இருக்கிறது. தேர்வுக்காக மனனம் செய்யப்படும் இவ்விதிகள், கணினிக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பிக்கத்தக்க தெளிவான கட்டளைகளாகும். தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்த முறை அத்தகைய ஒழுங்குடையது.

வேற்றுமை உருபு சுமையாகத் தோன்றினும் அதுவே நமக்கு வலிமையும் ஆகும். ‘கண்ணனுக்கு மஞ்சளைக் கொடு’ என்றாலும், ‘மஞ்சளைக் கண்ணனுக்குக் கொடு’ என்றாலும் பொருள் மாறுவதில்லை. கொடுக்கப்படுவது எது, பெறுபவர் யார் என்பதை ஐகார உருபும் குகர உருபும் ஐயமின்றிக் காட்டுகின்றன. சொற்களின் வரிசையை நம்பிப் பொருள் கொள்ளும் மொழியில் இவ்வுரிமை குறைவு. மேலும், ‘மரம் வெட்டு’, ‘பால் குடி’ என உருபு மறைந்த தொகைகளையும் ஆடுவோர் எழுதக்கூடும். அவற்றையும் கணினி விரித்துப் பொருள்கொள்ளக் கற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் மரியாதை பற்றியது. ஒருவர் அறைக்குள் வந்தால், அங்குள்ள மற்றவர்க்குக் கணினி அறிவிக்க வேண்டும். ‘வந்தான்’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? ஆண்பால், பெண்பால் விகுதிகளை அமைக்க ஆடுபவரின் பாலைக் கேட்டறிய வேண்டும். ‘வந்தார்’ என்றே அனைவருக்கும் அமைத்தால் அவ்வினா தேவைப்படாது, மரியாதையும் நிலைபெறும். ஆடுபவரை ‘நீ’ என அழைப்பதா, ‘நீங்கள்’ என அழைப்பதா என்பதும் அத்தகையதே. ‘வாங்க’, ‘சொல்லுங்க’ எனச் சிறுவரையும் பன்மையில் அழைக்கும் வழக்குடைய கொங்கு மண்ணின் மாணவர்க்கு, இங்கு எதைத் தேர்வது என்பதில் தயக்கம் இராது. விகுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போதே அவ்வுலகின் பண்பாடு எழுதப்பட்டுவிடுகிறது.

ஆடுவோர் நால்வகையர்

உலகைக் கட்டுவதோடு பணி முடிவதில்லை. கதவைத் திறந்து மக்களை உள்ளே விட்டபின் தொடங்குவதே கடினமான பணி.

பல்லாண்டுகள் தம் விளையாட்டை நடத்திய அனுபவத்தால், ஆடுவோரை நான்கு வகையினராகப் பிரித்து 1996ஆம் ஆண்டு பார்டில் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளிகளும் பட்டங்களும் ஈட்ட விழைவோர் முதல் வகையினர். உலகின் மூலைமுடுக்குகளைத் துருவி அறிய விழைவோர் இரண்டாம் வகையினர். பிறரோடு உரையாடி உறவாட விழைவோர் மூன்றாம் வகையினர். பிறரை வீழ்த்துவதிலும் அலைக்கழிப்பதிலும் இன்பம் காண்போர் நான்காம் வகையினர். இந்நால்வகையினரும் ஒருவரையொருவர் பாதிக்கின்றனர். வீழ்த்துவோர் பெருகினால் உறவாட வந்தோர் வெளியேறுவர், உலகம் வெறுமையாகும். புதிர்களே இல்லாவிடில் ஆராய்வோர் விலகுவர். எவ்வகையினருக்கு எவ்வளவு இடம் என்பதை அளந்து தருவது நடத்துவோர் கடமை.

ஊர்ச் சந்தையை நடத்துவோரும், திருவிழாக் குழுவினரும், கபடிப் போட்டியின் நடுவரும் இத்தகைய கடமையை அறிவர். தெருக்கூத்தில் கட்டியக்காரன் இப்பணியையே செய்கிறான். அவன் பாத்திரங்களை அறிமுகப்படுத்துகிறான். அரசனாக வந்தவரையும் கேள்வி கேட்கிறான். கதைக்கும் அவைக்கும் இடையே நின்று ஆட்டத்தை ஒழுங்கு செய்கிறான். ஆனால், அவன் ஒருபோதும் அரியணையில் அமர்வதில்லை. நடத்துவோர்க்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

லாம்டாமூ தந்த பாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றியவர் பாவெல் கர்டிஸ். அவர் 1990ஆம் ஆண்டு ‘லாம்டாமூ’ என்னும் எழுத்துலகைத் தொடங்கினார். தாம் வாழ்ந்த வீட்டின் அமைப்பையே அவ்வுலகின் நடுப்பகுதியாக எழுதினார். உள்ளே வந்தவர்கள் தாமே புதிய அறைகளையும் பொருள்களையும் உருவாக்கிக்கொள்ள உரிமை தந்தார். உலகம் விரைந்து வளர்ந்தது, சச்சரவுகளும் வளர்ந்தன. ஒவ்வொரு வழக்கையும் நிருவாகிகளே தீர்க்க வேண்டியிருந்தது. சலிப்புற்ற கர்டிஸ் 1992ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நிருவாகிகள் இனித் தொழில்நுட்பப் பணியை மட்டுமே பார்ப்பர்; மக்களின் சச்சரவுகளை மக்களே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

அடுத்த ஆண்டு ஒரு கொடுமை நிகழ்ந்தது. ஆடுவோர் ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் தாமே செய்வதுபோல எழுத்தைப் போலியாக உருவாக்கும் ஒரு நிரலைக் கையாண்டார். பலர் கூடியிருந்த அறையில், பெண்கள் உள்ளிட்ட சிலருடைய பாத்திரங்கள் இழிவான செயல்களைச் செய்வதாக அனைவர் திரையிலும் எழுத்துகள் ஓடின. எவர் உடலிலும் கை படவில்லை. ஆயினும், பாதிக்கப்பட்டவர் உண்மையாகவே அழுதார். தம் பெயரைத் தாங்கிய பாத்திரத்தின் மானம் தம் மானமே என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

மறுநாட்களில் மக்கள் கூடி விவாதித்தனர். அவரை நீக்க வேண்டும் என்றனர் சிலர். விதியே இல்லாதபோது தண்டனை எவ்வாறு என்றனர் சிலர். எழுத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்றனர் வேறு சிலர். முடிவு எட்டப்படாத நிலையில், நிருவாகி ஒருவர் தாமே தனித்து முடிவெடுத்து அப்பாத்திரத்தை அழித்தார். பலருக்கு அது நிறைவு தந்தது. ஆயினும் அது முறையான தீர்ப்பன்று. நீக்கப்பட்டவரும் சின்னாட்களில் வேறொரு பெயரில் திரும்பிவந்தார். இதன்பின் கர்டிஸ், ஆடுவோர் விண்ணப்பம் எழுதி, போதிய ஆதரவு பெற்று, வாக்கெடுப்பின் வழியே விதிகளை இயற்றும் முறையை ஏற்படுத்தினார். ஒரு விளையாட்டு, ஆட்சிமுறையை நாடிய வரலாறு இது.

இந்நிகழ்விலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. முதலாவது, வேடத்தின் வழியே வரும் அடி வேடம் ஏற்றவர் மீதே விழுகிறது. ‘விளையாட்டுதானே’ என்னும் சொல் அதற்கு மருந்தாகாது. இரண்டாவது, நடத்துவோர் விலகி நிற்பதும் ஒரு செயலே. விதியற்ற இடத்தில் வலியவர் விதியே விதியாகிறது. எனினும், ஒருவர் விருப்பப்படி தண்டிப்பதும் நீதியாகாது. முன்கூட்டியே எழுதப்பட்டு, அனைவர்க்கும் அறிவிக்கப்பட்டு, நடத்துவோரையும் கட்டுப்படுத்தும் விதியே நீதியைத் தரும்.

ஆதலின் எழுத்துலகம் ஒன்றை நடத்த முனையும் மாணவர் சில நெறிகளைக் கதவு திறக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். உண்மைப் பெயர், முகவரி, பள்ளி, கைப்பேசி எண் ஆகியவற்றை ஒருவரும் மற்றவரிடம் கேட்கலாகாது. சாதியையும் மதத்தையும் எவ்விடத்தும் கேட்கலாகாது. பாத்திரமாகப் பேசுவதையும் ஆடுபவராகப் பேசுவதையும் வேறுபடுத்த ஓர் அடையாளம் வேண்டும். வெறுக்கத்தக்க பேச்சைத் தம் திரையில் நிறுத்தவும், எந்நேரமும் விலகவும் ஒவ்வொருவர்க்கும் உரிமை வேண்டும். நடத்துவோர் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் காரணத்தோடு பலரறியப் பதியப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முறையிட ஓரிடமும் அம்முறையீட்டைக் கேட்க ஆசிரியர் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

எழும் ஐயங்கள்

‘பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விளையாட்டு ஏன்? படிக்கும் காலத்தை அது விழுங்கிவிடாதா?’ எனப் பெற்றோர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானது. எழுத்து விளையாட்டுகளில் மூழ்கிப் படிப்பை இழந்த மாணவர் மேலைநாடுகளில் இருந்தனர். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளால் தமிழ்நாட்டில் குடும்பங்கள் சிதைந்தன. அதனாலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாடு அரசின் சட்டம் 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எனவே, எழுத்துலகில் பணத்திற்கு இடமே இருத்தலாகாது. களத்திற்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருத்தல் வேண்டும். விடிந்தால் கூத்து முடியும்; கூத்தர் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வயலுக்குச் செல்வர். அவ்வொழுங்கே நமக்கும் வழிகாட்டி. ஆயினும், ஆடுவதில் கழியும் நேரமும் உருவாக்குவதில் செலவாகும் நேரமும் ஒன்றல்ல. ஓர் ஏலக்கூடத்தை எழுத முனையும் மாணவர் வருணனையும், புணர்ச்சியும், நிரலாக்கமும், நீதியும் ஒருசேரப் பயில்கிறார்.

‘வண்ணப் படங்கள் வந்துவிட்ட காலத்தில் எழுத்தை யார் விரும்புவர்?’ என்பது அடுத்த ஐயம். படங்களால் ஆன பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கான வல்லுநரும் பெரும்பொருளும் வேண்டும். நான்கு மாணவரும் பள்ளியின் பழைய கணினி ஒன்றும் இருந்தால் எழுத்துலகம் ஒன்றை அமைத்துவிடலாம். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு நிழற்படம் பிடிக்கும் இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் அறைகளின் வருணனையைச் சேமிக்கலாம். மெல்லிய இணைய இணைப்பிலும் அது தடையின்றி இயங்கும்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. எழுத்துத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையால், பார்வையற்றோர் இவ்வுலகில் மற்றவர்க்கு நிகராக ஆடுகின்றனர். படங்களால் ஆன உலகில் அவர்கள் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றனர். எழுத்துலகிலோ அனைவரும் எழுத்தாலேயே காண்கின்றனர்; அங்கே ஒருவர் குறையுடையவர், மற்றவர் நிறைவுடையவர் என்னும் வேறுபாடு எழுவதில்லை. எல்லாரையும் ஏற்கும் களத்தைப் பழமை என்று ஒதுக்குதல் தகாது.

நம் களம்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், முகமறியாப் பலர் கூடி எழுதி, கருத்து மாறுபட்டால் உரையாடித் தீர்க்கின்றனர். பலர் கூடி எழுத்தால் ஒன்றைக் கட்டவும், கட்டியதை நெறியோடு காக்கவும் தமிழரால் இயலும் என்பதற்கு இவை சான்று. அதே ஆற்றலை விளையாட்டின் பக்கமும் திருப்ப வேண்டும்.

பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. பத்து அறைகள், இருபது பொருள்கள், ஒரு பக்க விதிகள் போதும். கணினி கிடைக்காவிடில் தாளில் தொடங்கலாம். ஒருவர் கட்டளை கூற, மற்றொருவர் கணினியாக நின்று விடை தரலாம். அறைகள் உங்கள் ஊரின் அறைகளாக இருக்கட்டும். சாக்கின் அருகே குந்தியிருந்த அம்முதியவரை நினைவிற்கொள்ளுங்கள். அவருடைய மஞ்சளை முறித்துப் பார்த்த ஆடுபவர் அதற்கு என்ன விலை கூறுவார்? அவரை ஏமாற்ற விளையாட்டின் விதி இடம் தருமா? ஏமாற்றினால் அதைக் கண்டு கேட்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை எழுதும் மாணவர், விளையாட்டை மட்டும் எழுதவில்லை. தாம் வாழ விரும்பும் ஊரின் சட்டத்தையும் எழுதுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்து விளையாட்டின் ஓர் அறையாக ஐம்பது சொற்களில் வருணிக்க. அவ்விடத்தை அறிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய கட்டளைகள் மூன்றையும் அவற்றுக்குரிய விடைகளையும் அமைக்க.

2. பத்துப் பெயர்ச்சொற்களை இரண்டாம் வேற்றுமை உருபேற்கச் செய்து, அவற்றில் நிகழும் மாற்றங்களுக்குரிய புணர்ச்சி விதிகளை அட்டவணைப்படுத்துக.

3. ‘லாம்டாமூவில் நிருவாகி ஒருவர் தனித்து எடுத்த முடிவு சரியானதா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.